உடம்பு வச்சிட்டான்

போன சித்திரை வருசத்துக்கு நான் பனிச்சங்கேணிக்குப் போனபோது அக்கா வீட்டில் அவளுடைய மகனைப் பற்றித்தான் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. “பொடியன் இப்பதான் உடம்பு வச்சிருக்கான்.” என்னுடைய அம்மா, மருமகனுக்குப் பெத்தா, அவன் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். பக்கத்து வீட்டு மாமி, “என்னகா சாப்பாடு குடுக்காய் இவனுக்கு, எங்கட பொடியனுக்கும் சொல்லித் தா” என்று அக்காவைக் கேட்டாள். அக்கா முகத்தில் இருபது வருடமாக நான் காணாத ஒரு நிம்மதி. நானும் அவன் தோளில் தட்டி, “இப்பதான்டா ஆம்பிள மாதிரி இருக்காய்” என்றேன்.

நான் சொன்ன அந்த வசனத்தை இந்தப் பதிவில் முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் நான் பதினேழு வருடமாக ஒரு பாமசியில் நிற்கிறவன். உருண்டு, சிவந்து, கண்கள் சற்று உள்ளே போன மாதிரித் தெரிகிற அந்த முகத்தை மற்றவர்களிடம் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். முட்டு வருத்தத்துக்கும் மூட்டு வருத்தத்துக்கும் நீண்ட காலம் ஸ்டீரொயிட் குளிசை எடுக்கிறவர்களின் முகம் அது. டொக்டர்மார் ‘சந்திர முகம்’ என்பார்கள். வீட்டில், சந்தோசத்தில், சொந்தப் பிள்ளையிடம் அது எனக்குத் தெரியாமல் போனது.

தெரிந்தது இரண்டு நாள் கழித்து, கிணற்றடியில். அவன் சேட்டைக் கழற்றிவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தான். வயிற்றின் இரு பக்கமும், கக்கத்துக்குக் கிட்டவும், நகத்தால் கீறிய மாதிரி ஊதாச் சிவப்பில் அகலமான கோடுகள். வயிறு முன்னுக்கு வந்திருந்தது. கழுத்தின் பின்பக்கம் ஒரு சின்னத் திமில். கையும் காலும் மட்டும் முன்பு இருந்ததைவிட மெலிந்திருந்தன. முகத்தில் வைத்த சதையைத்தான் நாங்கள் எல்லோரும் கொண்டாடியிருந்தோம். கைகால்களை யாரும் பார்க்கவில்லை.

“என்னத்தடா குடிக்கிறாய்?” என்று கேட்டேன். முதலில் புரோட்டீன் மா என்றான். நான் பேசாமல் நின்றேன். பிறகு அறைக்குள் போய், பழைய பேனைப் பெட்டிக்குள் இருந்து ஒரு பிளாஸ்டிக் பை எடுத்து வந்தான். உள்ளே இரண்டு விதமான வெள்ளைக் குளிசை. பெயரும் இல்லை, மட்டையும் இல்லை. ஜிம்முக்கு வருகிற ஒரு அண்ணன் கொடுத்ததாம். காலையில் ஒன்று, இரவில் இரண்டு. ஐந்து மாதமாக.

குளிசையையும் அவன் உடம்பையும் பார்த்து நான் விளங்கிக்கொண்டது இது: ஒன்று சைப்ரோஹெப்டடீன். ஒவ்வாமைக்கான பழைய மருந்து. பசியைக் கிளப்பும், நித்திரையையும் கொண்டுவரும். இதைக் குடித்துவிட்டு விடியப்புறம் மோட்டர் சைக்கிளில் போகிற பொடியன்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறும். மற்றது டெக்ஸாமெத்தசோன். இதுதான் பயங்கரமானது. பார்க்கச் சின்னக் குளிசைதான். ஆனால் 0.75 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் 20 மில்லிகிராம் ஹைட்ரோகோட்டிசோனுக்குச் சமம். நமது சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி இருக்கிற சுரப்பிகள் ஒரு நாள் முழுக்கச் சுரக்கிற அளவுக்குக் கிட்டத்தட்ட அது போதும். வெளியிலிருந்து இவ்வளவு வந்துகொண்டிருந்தால் அந்தச் சுரப்பிகள் வேலையை விட்டுவிடும். உப்பும் தண்ணீரும் உடம்பில் தேங்கும், கொழுப்பு முகத்துக்கும் பிடரிக்கும் வயிற்றுக்கும் போகும், கைகால் தசை கரையும், சீனி ஏறும், எலும்பு உளுக்கும். பங்களாதேசில் ஹஜ் பெருநாளுக்கு முன்பு மாடுகளைக் கொழுக்கக் காட்டுவதற்குச் சில வியாபாரிகள் கொடுத்ததும் இதே மருந்தைத்தான். மாடும் பார்க்கத்தான் கொழுத்திருக்கும். தோலுக்குக் கீழே இருப்பது தண்ணீர்.

ஒரு விசயத்தை இங்கே தனியாகச் சொல்கிறேன், யாராவது ஒரு பொடியன் இதைப் போனில் வாசித்தாலும் காணும். இந்தக் குளிசையைக் கன வாரமாகக் குடித்தவன் பயந்துபோய் ஒரே நாளில் நிப்பாட்டக் கூடாது. தூங்கிப்போன சுரப்பி உடனே எழும்பாது. காய்ச்சல், வாந்தி, பிரசர் விழுதல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டொக்டரிடம் போய் உண்மையைச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

அவனை நான் ஏசவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன். அவன் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. “மாமா, நான் எட்டாம் வகுப்பில இருந்து ரெண்டு சேட் போட்டுத்தான் பள்ளிக்குப் போனன். உள்ளுக்கு ஒண்டு, மேலால ஒண்டு. வெயிலுக்க வேர்த்து ஊத்தும். கழட்டினா நெத்தலி எண்டுவாங்க.”

நெத்தலி. அந்தப் பெயரை வைத்தது பள்ளிக்கூடப் பொடியன்கள் என்றுதான் அவன் நினைக்கிறான். இல்லை. அக்கா வீட்டு முற்றத்தில், அவனுக்கு நான்கு வயது இருக்கும்போது, சிரித்துக்கொண்டு அப்படிக் கூப்பிட்டது நாங்கள். ஒரு கலியாண வீட்டுக்குப் போனால், “என்ன மனே, வத்திப் போய்ட்டாய்?” என்றுதான் ஒவ்வொரு மாமியும் தொடங்குவார்கள். பாசம்தான். ஆனால் ஒரு பிள்ளை இருபது வருடம் தன் உடம்பைப் பற்றிக் கேட்ட முதல் சொல் அதுவாக இருந்தால், அது உள்ளே போய் என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அக்காவைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. 2006ஆம் ஆண்டுக் கடைசியில் வாகரைப் பக்கம் சண்டை நெருக்கியபோது இவன் ஒரு வயது தாண்டிய குழந்தை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் காடும் தண்ணீரும் கடந்து மற்றப் பக்கம் வந்தாள். பிறகு முகாம். பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் நிறை வரைபடம் இருக்கும். அதில் இவனுடைய புள்ளிகள் பச்சைக்கு ஏறாமல் மாதக்கணக்கில் செம்மஞ்சளுக்குள்ளேயே கிடந்தன. மிட்வைஃப் கொடுத்த திரிபோஷா மாவை உருண்டை பிடித்து, அழ அழ ஊட்டியவள் அவள். மெலிவு என்றால் பசி, பசி என்றால் அந்த மாதங்கள். அப்படிப்பட்ட தாய்க்கு மகனின் கன்னம் உருண்டால் அது வருத்தத்தின் அடையாளமாகத் தெரியுமா? எங்கள் பக்கத்தில் இந்த வயதுப் பொடியன்களின் தாய்மார் பலருக்கும் இதே கதைதான். உடம்புப் பைத்தியம் என்று இந்தத் தலைமுறையை ஏசுகிறவர்கள் கொஞ்சம் பின்னுக்குப் போய் இதையும் பார்க்க வேண்டும்.

எங்கள் அப்பாவும் மெலிந்தவர்தான். ஊரின் பெயரிலேயே இருக்கிற பனிச்சை மரத்தின் காயை இடித்து, அந்தச் சாற்றில் வலையைத் தோய்த்து எடுத்த காலத்து ஆள். நைலோன் வலை வருவதற்கு முன்பு நூல் வலை உப்புத் தண்ணீரில் உளுத்துப்போகாமல் இருக்க அதுதான் வழி. அவருக்கு விலா எலும்பு எண்ணலாம். ஆனால் கரைவலையில் முன்னுக்கு நின்று இழுப்பவர் அவர். அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பவரும் அவர். அவரை யாரும் மெலிவு என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த உடம்பால் என்ன முடியும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. மருமகனின் உடம்பால் என்ன முடியும் என்று யாரும் கேட்பதில்லை, அவன் உட்பட. படத்தில் எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி.

சினிமாவை முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். ‘முள்ளும் மலரும்’ வந்த 1978இல் ரஜினி எவ்வளவு மெல்லிய ஆள்! சிவாஜிக்கு வயிறு இருந்தது, யாரும் கவலைப்படவில்லை. 2007இல் ஷாருக்கான் ‘ஓம் சாந்தி ஓம்’ படத்தில் சட்டையைக் கழற்றினார். அடுத்த வருடம் ‘வாரணம் ஆயிரம்’ படத்துக்காகச் சூர்யா வயிற்றில் ஆறு கட்டு வைத்தார். அதன் பிறகு சட்டை கழற்றுவது கதாநாயகனின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. ஒரு நடிகருக்கு அது தொழில். பயிற்சியாளர் இருக்கிறார், சாப்பாட்டை அளந்து சமைக்க ஆள் இருக்கிறார், பல மாதம் அதற்கென்றே ஒதுக்க முடியும், கடைசியில் லைட் போடுகிறவரும் இருக்கிறார். பாலத்தடியில் வீச்சுவலை போட்டுவிட்டுப் பின்னேரம் வாழைச்சேனைக்கு பஸ் ஏறி ஜிம்முக்குப் போகிற பொடியனுக்கு இதில் எது இருக்கிறது? ஆனால் டிக்டொக்கில் இரண்டு உடம்பும் ஒரே அளவுத் திரையில், ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன.

அமெரிக்காவில் ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவர் 1990களில் உடற்கட்டுப் பயிற்சி செய்கிற ஆண்களைப் பார்த்து ஒன்றைக் கவனித்தார். மலை மாதிரி இருக்கிறவன் கண்ணாடியில் தன்னைச் சின்னப் பொடியனாகக் காண்கிறான். கடற்கரைக்குப் போக வெட்கப்படுகிறான், தடித்த உடுப்புக்குள் ஒளிகிறான். 1993இல் இதைப் பசியின்மை நோயின் மறுபக்கம் என்று எழுதினார். 1997இல் அவரும் கூட்டாளிகளும் இதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். இப்போது அது மனநல மருத்துவத்தின் கைநூலில் இருக்கிறது. மருமகனிடம் நான் கேட்டேன், “இப்ப நிறை கூடிட்டுதுதானே, மறுகா ஏன்டா ரெண்டு சேட்?” அவன் தலையைக் குனிந்துகொண்டான். பத்துக் கிலோ ஏறிய பிறகும் அவன் இரண்டு சேட்டுக்குள்தான் இருந்தான்.

அடுத்த கட்டம் ஊசி என்று குளிசை கொடுத்த அந்த அண்ணன் சொல்லியிருந்தாராம். “அது வேற சாமான் மாமா, அதுதான் ஒரிஜினல்.” இந்த இடத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். இரண்டுக்கும் ஸ்டீரொயிட் என்றுதான் பெயர். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசொலோன் ஒரு குடும்பம். அவை தசையைக் கரைக்கும். டெஸ்டொஸ்டிரோன், நாண்ட்ரொலோன், ஸ்டனோசொலோல் இன்னொரு குடும்பம். அவை தசையை வளர்க்கும். விளையாட்டில் பிடிபடுகிறவர்களில் பலர் இரண்டாவது குடும்பத்தில்தான் பிடிபடுகிறார்கள். முதலாவதிலும் பிடிபடலாம். 2011 உலகக் கிண்ணத்தின்போது எங்கள் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவின் சோதனையில் பிரெட்னிசொலோன் வந்தது. தோள் வலிக்கு அவர் எடுத்த மூலிகை மருந்துக்குள் அது இருந்திருக்கிறது. திறமையைக் கூட்டும் எண்ணம் அவருக்கு இல்லை என்று ஏற்றுக்கொண்டும் மூன்று மாதம் தடை போட்டார்கள். நாட்டுக்கு விளையாடுகிற ஆளுக்கே தான் விழுங்கியது என்னவென்று தெரியவில்லை. பேனைப் பெட்டிக்குள் பெயரில்லாத குளிசை வைத்திருக்கிற பொடியனுக்கு எப்படித் தெரியும்?

ஊசியைப் பற்றி நான் அவனிடம் பொய் சொல்லவில்லை. அதால் ஒன்றும் வராது, சும்மா ஏமாற்று என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பொடியன்கள் கண்ணால் காண்கிறார்கள். அப்படிச் சொன்னவுடன் எங்கள் மற்றப் பேச்சையும் நம்ப மாட்டார்கள். 1996இல் ஷலேந்தர் பாசின் என்ற மருத்துவர் 43 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டொஸ்டிரோன், பத்து வாரம். ஊசி போட்டு, பாரமும் தூக்கினவர்களுக்குக் கொழுப்பில்லாத நிறை சராசரியாக 6.1 கிலோ கூடியது. மருந்தில்லாத ஊசியோடு பாரம் தூக்கினவர்களுக்கு 1.9 கிலோ. ஒரு பாரமும் தூக்காமல் ஊசி மட்டும் போட்டவர்களுக்கு 3.2 கிலோ. வேலை செய்யும். அதுதான் சிக்கலே.

வேலை செய்வதற்கு என்ன விலை என்பதையும் அதே மாதிரி உள்ளபடி சொன்னேன். வெளியிலிருந்து ஹோர்மோன் வந்தால், மூளையிலிருந்து விதைக்குப் போகிற கட்டளை நின்றுவிடும். விதை சுருங்கும். உலகச் சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டொஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்தது. 1990இல் முடிவு வந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு ஒன்றுகூட இல்லாமல் போனது. ஆம்பிளைத்தனத்துக்கு என்று ஜிம்மில் போடுகிற அளவு இதைவிடக் கூட. நிப்பாட்டினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கு மேலும் செல்லும். அந்த இடைவெளியில் உடம்பில் ஹோர்மோனே இல்லாமல் வருகிற சோர்வும் மனம் விழுவதும்தான் பலரைத் திரும்ப ஊசிக்கு அனுப்புகிறது. மிச்ச ஹோர்மோனை உடம்பு பெண் ஹோர்மோனாக மாற்றும்போது மார்பு வளரும். அது மருந்தை விட்டாலும் வற்றாமல் நின்று, சத்திரசிகிச்சை வரைக்கும் போகலாம். நல்ல கொழுப்பு விழும், இரத்தம் தடிக்கும், இதயத்தின் சுவர் தடிக்கும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் போட்டால் எலும்பின் வளர்முனை நேரத்தோடு மூடி, வளர்த்தி அதோடு நின்றுவிடும். ஊசி ஒன்றைப் பலர் பங்கு போட்டால் வருகிற ஈரல் அழற்சியும் எச்ஐவியும் வேறு.

“சாம்பியன்மாரே போடுறாங்கதானே மாமா” என்றான். மஞ்சு வன்னியாராச்சியின் கதையைச் சொன்னேன். 2010 டெல்லி பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில், 56 கிலோ குத்துச்சண்டையில் தங்கம். 1938இல் சிட்னியில் பார்னி ஹென்ரிக்கஸ் வென்ற பிறகு, 72 வருடம் கழித்து இலங்கைக்கு வந்த குத்துச்சண்டைத் தங்கம். நாடே தூக்கி வைத்துக் கொண்டாடியது. பிறகு சோதனையில் நாண்ட்ரொலோன் வந்தது. பதக்கம் வேல்ஸ் நாட்டுப் பொடியன் ஒருவனுக்குப் போனது. மறுபக்கம் கிரிக்கெட் வீரர் குசல் பெரேரா. 2015 டிசம்பரில் அவர் மீது ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு வந்தது, சுற்றுப்பயணத்தின் நடுவில் திருப்பி அனுப்பினார்கள், அடுத்த வருடம் மே மாதம் அது ஆய்வுகூடத்தின் பிழை என்று ஆகி விடுவித்தார்கள். அவருக்காக வாதாட ஆள் இருந்தது, திரும்பச் சோதிக்க வழி இருந்தது. 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் வந்ததிலிருந்து எங்கள் நாட்டிலும் விளையாட்டு வீரர்களைச் சோதிக்க ஒரு நிறுவனம் இருக்கிறது. பனிச்சங்கேணியிலிருந்து ஜிம்முக்குப் போகிற பொடியனின் சிறுநீரை யாரும் சோதிக்கப் போவதில்லை. அவனிடம் பறிப்பதற்குப் பதக்கமும் இல்லை.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. டொக்டரின் துண்டு இல்லாமல் இந்த மருந்துகளை விற்கக் கூடாது என்பது என் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எங்கேயோ ஒரு கவுண்டர் வழியாகத்தான், ஆயிரம் குளிசைப் போத்தலிலிருந்து எண்ணி, அந்தப் பேனைப் பெட்டி வரைக்கும் இவை வந்திருக்கின்றன. பொடியனை ஏசுவதற்கு முன்பு என்னுடைய தொழில்காரர்களைத்தான் நான் ஏசுவேன்.

இன்னொன்றும் மனதைக் குடைகிறது. ஊரில் விடியப்புறம் களப்பிலிருந்து வருகிற நல்ல இறாலும் நண்டும் ஐஸ் பெட்டிக்குள் ஏறி லொறியில் போய்விடும். நூறு கிராம் இறாலில் இருபது கிராமுக்கு மேல் புரதம். ஒரு கரண்டி வே புரோட்டீன் மாவிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். இறாலை விற்ற காசில் பொடியன் அந்த மா ரின்னை வாங்குகிறான். வீட்டில் சோறும் ஒரு கறியும். பருப்பு, முட்டை, சூடை மீன் என்று ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒரு வருடம் பாரம் தூக்கினால் அவன் உடம்பு தன்பாட்டில் வரும், மெதுவாக வரும். மெதுவாக என்ற சொல்லை அவனுக்குச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் மேலும் கீழும் பார்ப்பார் என்று பயப்படுகிறவனுக்கு ஒரு வருடம் நீண்டதுதான்.

அவனை அரச ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் அவனை அவமானப்படுத்தவில்லை. அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். குளிசையை வேறொன்றுக்கு மாற்றி, வாரக் கணக்கில் குறைத்துக்கொண்டு வந்தார். முகம் வற்றத் தொடங்கியது. ஊரில் கேள்வியும் தொடங்கியது. “என்ன அக்கா, பொடியனுக்குச் சுகமில்லையா?” ஒரு நாள் அக்கா அழுதாள். வரைபடத்தின் புள்ளி திரும்பவும் கீழே இறங்குகிற மாதிரித்தான் அவளுக்கு இருந்திருக்கும்.

சுரப்பி எழும்பிவிட்டதா என்று பார்க்கிற இரத்தத்தைக் காலை எட்டு மணிவாக்கில்தான் எடுப்பார்கள். அதனால் விடியவே அவனை மோட்டர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பாலத்தில் நாலைந்து பேர் வலையோடு நின்றார்கள். அவனுடைய கூட்டாளி ஒருவன் கை காட்டி மறித்தான். பெரிய தோள், இறுக்கிப் பிடித்த சேட், வடிவான பொடியன்.

“எங்கடா இந்த நேரத்தில?”

“ரத்தம் குடுக்க.”

அவன் மருமகனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வலையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் வந்தான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “மாமா, எனக்கு நெஞ்சு ரெண்டும் நோகுது. உள்ளுக்கு ஒரு கட்டி மாதிரி. சேட் பட்டாலே நோகும்” என்றான். “ஊசி போட்டு மூணு மாதம். அம்மாக்குத் தெரியாது. அங்க பாத்தா எவ்வளவு முடியும்?”

“காசு முடியாது மனே” என்றேன். “கிளினிக் வியாழக்கிழமை. நான் வந்து கூட்டிப் போறன்.”

அவன் தலையாட்டிவிட்டு, சேட்டை நெஞ்சிலிருந்து இழுத்துத் தளர்த்திக்கொண்டு, வலைக்குத் திரும்பினான்.